கல்யாண லீவு முடிந்து வந்தேன், லாகின் ஆகவில்லை

மக்காச்சோள விதைக்குப் பூசுகிற மருந்துக்கு ஒரு நெடி உண்டு. மூக்கில் ஏறினால் வீட்டுக்கு வந்து குளித்தாலும் போகாது. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் அப்போது எங்கள் விதைக் கம்பெனியின் கிளை ஆபீஸ். கீழே குடோன், மேலே நாங்கள் நாலு பேர். கீபோர்டில் எல்லாம் அந்த மருந்தின் ரோஸ் பொடி படிந்திருக்கும்.

கல்யாணமாகிப் பதினோராவது நாள், வெள்ளிக்கிழமை. மருதாணி அழியாத கையோடு வந்து உட்கார்ந்து, கம்பெனி மெயிலைத் திறந்தேன்.

யூசர் நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு என்றது.

சாதாரண நாளாக இருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரு விண்ணப்பம் போயாக வேண்டும். கல்வராயன் மலைப் பகுதிக்குப் பொறுப்பாளர் பதவி. வெள்ளிமலை, கரியாலூர் என்று இரண்டு வருஷம் பஸ்ஸிலும் நடையிலும் ஏறி இறங்கி மாதிரி வயல் போட்டவள் நான். அவரவர் கம்பெனி மெயிலிலிருந்து வந்தால்தான் எடுத்துக்கொள்வோம் என்று சர்க்குலரிலேயே போட்டிருந்தார்கள். லீவுக்கு முன்பே எழுதி, வயல் போட்டோ எல்லாம் சேர்த்து, டிராஃப்ட்டில் வைத்திருந்தேன். கடைசி வயலின் அறுவடை எடை மட்டும் பாக்கி. அதுவும் முந்தின நாள் வந்துவிட்டது.

குடோனைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"கேப்ஸ் லாக் போட்டுக்கினு அடிக்கிறியா பாரும்மா."

இல்லை. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். பக்கத்து டேபிள் கீபோர்டைப் பிடுங்கி மாட்டினேன். என் பெயரிலேயே இருக்கும் ஐடியையும் பாஸ்வேர்டையும் நோட்பேடில் அடித்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து, காப்பி பண்ணி ஒட்டினேன். வேறு பிரவுசர், வேறு கம்ப்யூட்டர்... ஐந்து தடவை தப்பினால் அரை மணி நேரம் பூட்டிவிடும். பூட்டியது. காத்திருந்தேன். மறுபடியும் பூட்டியது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்தால், லிங்க் அனுப்பியாயிற்று என்று சொல்லும். ஒன்றும் வராது.

கல்யாண மயக்கத்தில் மறந்துவிட்டாள் என்று ஆபீஸே கேலி பண்ணியது. நானும் அசடு வழியச் சிரித்து, சாரி சொன்னேன். ஆபீஸ் நெட்டில்தான் கோளாறோ என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு வெயிலில் ஓடினேன். அங்கேயும் அதே பதில்.

சென்னை ஹெல்ப் டெஸ்க்கில் மூன்று பேர் மாறி மாறி பிரவுசரில் கேஷ் கிளியர் பண்ணச் சொன்னார்கள். மூன்று தடவையும் பண்ணினேன். மூன்றரை மணிக்கு, நாலாவதாக எடுத்த பையன்தான் ஒழுங்காகப் பார்த்தான்.

"மேடம், அந்த ஐடி குளோஸ் ஆயிடுச்சு. உங்களுக்குப் புது ஐடி இருக்கே... எஸ். பிலோமினா."

என் அப்பா ஆரோக்கியசாமி. நான் ஏ. பிலோமினா. எஸ் என்றால் ஸ்டீபன், பதினோரு நாளாக என் வீட்டுக்காரர்.

"யாருங்க மாத்தச் சொன்னது?"

"நீங்கதான் மேடம் டாக்குமென்ட் அனுப்பியிருக்கீங்க. கல்யாணப் பத்திரிகை."

லீவு வேண்டுமென்றால் பத்திரிகையை இணைக்கச் சொன்னார்கள், இணைத்தேன். அதையே பெயர் மாற்ற மனுவாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் புண்ணியவான்கள். மாதா கோயிலில்கூட மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று ஊரையே கேட்டார்கள். என் பெயரை மாற்ற என்னை ஒரு வார்த்தை கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பழைய ஐடியைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அதற்கு, ஆட்சேபனை இல்லை என்று கணவர் கையெழுத்துப் போட்ட லெட்டர் வேண்டுமாம். மாற்றும்போது எந்தக் கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டீபனுக்குப் போன் போட்டேன். தியாகதுருகத்தில் டிராக்டர் ஷோரூமில் வேலை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, பாவம்.

"இன்னா எழுதணும் சொல்லு. இப்பவே எழுதி போட்டோ எடுத்து அனுப்பறேன்."

"வேணாங்க. இன்னைக்கு நீங்க எழுதிக் குடுத்தா, நாளைக்கு நான் மலை ஏறவும் உங்க லெட்டர் கேப்பாங்க."

"சரி, லெட்டர் வேணாம். வேலைய மட்டும் உட்றாத" என்றார்.

ஹெல்ப் டெஸ்க் பையன் கொடுத்த பாஸ்வேர்டில் புது மெயிலைத் திறந்தால் காலி. பழையதெல்லாம் வந்து சேர மூன்று வேலை நாள் ஆகுமாம். டிராஃப்ட் போச்சு, போட்டோ போச்சு. முதலிலிருந்து எழுதினேன். போனில் மிச்சமிருந்த ஏழு போட்டோவைச் சேர்த்தேன், சர்ட்டிஃபிகேட்டுகளை இணைத்தேன், ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினேன். கீழே ஏ. பிலோமினா என்றே போட்டேன். வேறு எப்படிப் போடுவது?

திங்கட்கிழமை பதில் வந்தது. விண்ணப்பதாரர் பெயரும் மெயில் ஐடியும் ஒத்துப்போகவில்லை, ஏற்க இயலாது.

"ஒரு வாட்டிகூட மலை ஏறாதவனுக்குக் குடுத்துட்டானுங்கம்மா" என்றார் கோவிந்தன் அண்ணன், ஒரு வாரம் கழித்து.

நான் விடவில்லை. வாராவாரம் மெயில் போட்டு, நாலு மாதம் சண்டை போட்டு, யார் லெட்டரும் இல்லாமல் பழைய ஐடியை வாங்கினேன். அடுத்த வருஷம் மலையையும் வாங்கினேன்.

இப்போதெல்லாம் விரலை வைத்தால் மெயில் திறந்துவிடுகிறது. லீவு பாரத்திலேயே பெயர் மாற்ற வேண்டுமா, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் இருக்கிறது. போன மாதம் எங்கள் ஆபீஸ் பெண் ஒருத்தி, இல்லை என்று டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும்.

பதவி கைவிட்டுப் போனதெல்லாம் எனக்கு எப்போதோ ஆறிவிட்டது. ஒன்றுதான் ஆறவில்லை... அன்று காலையிலிருந்து மூன்றரை மணி வரை, என் பெயரைச் சரியாக அடிக்க எனக்கே தெரியவில்லை என்று நம்பிக்கொண்டு, பார்த்தவர்களிடமெல்லாம் சாரி சொல்லிக்கொண்டிருந்தேன்.