ரெண்டு கண்ணனின் மூக்குக் கண்ணாடி

கிளார்க் சார் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டால், திருநகரில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாயைத் திறந்துவிடுவோம். அழக்கூட மறந்து சோற்று உருண்டையை வாங்கிக்கொள்வோம். கறுப்புச் சட்டம், தடித்த கண்ணாடி, ஒரு பக்கக் கம்பியில் நூல் சுற்றியிருக்கும். அது மூக்கில் இருக்கும்வரை அவர் மிஷன் பள்ளிக்கூடத்துக் கிளார்க். கழற்றிவிட்டால் ரெண்டு கண்ணன்.

ரெண்டு கண்ணன் யாரென்று எல்லா ஊரிலும் தெரிந்திருக்காது. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வருகிறவன். பூச்சாண்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெயரைப் பாருங்கள், இரண்டே கண். என் அப்பாவுக்கும் இரண்டு, பால்காரருக்கும் இரண்டு, எனக்கும் இரண்டு. பிறகு எதைக் கண்டு அப்படி நடுங்கினோம்? வயது போன காலத்தில் இந்தக் கேள்வியே எனக்கு வேலையாக வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்தில் பொழுது சாயும் நேரம் அவர் சைக்கிளில் வீடு திரும்புவார். அம்மா கிண்ணமும் கையுமாக வாசலுக்கு ஓடி, "சார், இந்தக் கழுத ஒரு வாய் திங்க மாட்டேங்குது. செத்த எட்டிப் பாத்துட்டுப் போங்க" என்பார். அவர் மறுத்ததே இல்லை. சைக்கிளை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியில் மூக்கு முட்டும்வரை முகத்தைக் கொண்டுவருவார். உறுமியதில்லை, மிரட்டியதில்லை. அந்த மூச்சுச் சத்தம் கிட்டே கேட்டதும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்குவேன். பரங்கிக்காய்கூட அப்படித்தான் எனக்குள் போனது. அடுத்த வீட்டில் கூப்பிட்டால் அங்கேயும் போவார்.

இப்போது நான் காமிக்ஸ் வரைகிறேன். நம் பழைய பேய் பிசாசுகளெல்லாம் இன்றைய மதுரையில் பிழைப்பு நடத்தினால் எப்படி இருக்கும் என்பதுதான் கதை. உசிலம்பட்டி சாலையை அகலப்படுத்தியதில் புளியமரத்தை இழந்த முனி, செல்போன் டவரில் குடியிருக்கிறது. கொள்ளிவாய்ப் பிசாசு பரோட்டாக் கடையில் கல்லுக்குச் சூடு கொடுக்கிறது. மோகினி மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை விலையைக் கேட்டு மயங்கி விழுகிறாள். பூச்சாண்டியின் தோளில் சாக்குக்குப் பதில் டெலிவரிப் பை. பிள்ளைகள் அவனை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறார்கள். எல்லாரும் என் பேனாவுக்கு வந்துவிட்டார்கள், ரெண்டு கண்ணனைத் தவிர. அவனுக்கு எந்த முகத்தை வைத்தாலும் யாரோ ஒரு சாதாரண ஆளாகத்தான் தெரிந்தான்.

கதை எழுதும் என் கூட்டாளி அலங்காநல்லூர்க்காரர், பொறுமை இல்லாதவர். "அக்கா, பேசாம நெத்தியில இன்னொரு கண்ண வச்சு விட்ருங்க. சோலி முடிஞ்சது" என்றார். நெற்றியில் கண்ணை வைத்தால் அது வேறு ஆள், அவருக்கு இந்த ஊரில் கோயிலே இருக்கிறது என்றேன். முகம் வரையாமல் விட்ட அரைகுறைத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளார்க் சார் வீட்டுக்குப் போனேன். அதே தெரு, அதே வீடு. சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் பஞ்சாக நரைத்திருந்தது. கண்ணாடி மட்டும் இன்னும் தடித்திருந்தது.

"சார், எங்களைப் பயமுறுத்த அப்ப மூஞ்சிய எப்பிடி வச்சுக்கிருவீங்க?"

"நா என்னத்தம்மா வச்சேன்? கண்ணாடிய எடுத்துட்டா எனக்கு எல்லாம் புகை மாதிரித்தான். பிள்ள அழுகுதா சிரிக்குதான்னு தெரியாது. அதப் பாக்கத்தான் அம்புட்டுக் கிட்ட வருவேன்."

அவருக்கும் அவர் மனைவி டீச்சரம்மாவுக்கும் பிள்ளை இல்லை. பிள்ளை இருக்கிற வீடுகள் அவரைக் கூப்பிட்டது இந்த ஒரு வேலைக்குத்தான், அதற்கும் அவர் ஆசையாகப் போயிருக்கிறார். "ஒரு பிள்ளையாச்சும் சிரிச்சிருக்கும்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காக" என்றார் டீச்சரம்மா, காபியை நீட்டியபடி.

கிளார்க் சார் என் பக்கம் திரும்பினார். "நீ சிரிச்ச பிள்ளதானம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லாததை வரைந்து பிழைக்கிறவளுக்கு ஒரு பொய் பெரிய காரியமா? ஆனால் அவர் கேட்ட விதத்தில் எனக்குப் பொய் வரவில்லை. "இல்ல சார். கண்ண மூடிக்கிட்டேன். அந்த மூஞ்சிய நா பாத்ததே இல்ல."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காத முகத்தை எங்கிருந்து வரைவது?

"அப்பிடியா" என்றார். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கினார். கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் அவருக்குக் கண்ணாடி ஆகாது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூக்கு உரச, முகம் இல்லாத அந்தப் படத்தைப் பார்த்தார். அப்படியே தலையை உயர்த்தி என்னிடம் குனிந்தார். அதே மூச்சுச் சத்தம். என் இமைகள் தானாக மூடப் பார்த்தன.

இந்தத் தடவை மூடவில்லை. நீர் கோத்த இரண்டு சிறிய கண்கள், சுருங்கி விரிந்து என் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. இதற்கா இத்தனை பரங்கிக்காய் தின்றேன் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறேன் சார். தெரியுதா?"

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார். "தெரியுதும்மா" என்றார். கண்ணாடி நெடுநேரம் பையிலேயே இருந்தது.