ஆறாவது சீர்

மூன்று வயதுக்குள் குத்தியிருக்க வேண்டிய காது எனக்கு ஏழு வயதுவரை மூளியாகவே இருந்தது. ஒரு வருடம் மழை இல்லை. மறு வருடம் கிரானைட் குவாரியில் அப்பாவின் கால் முறிந்தது. கால் கூடிய பிறகு, மேலூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள்.

எனக்கு ஊசியைவிட மைக்கிடம்தான் பயம். காது குத்தும் ஆசாரிக்குப் பக்கத்திலேயே மைக்கை நட்டுவைத்து, தாய்மாமன் கொண்டுவந்த சீரைத் தட்டுத் தட்டாக அறிவிப்பது எங்கள் ஊர் வழக்கம். பெரியப்பா மகனுக்கு ஐம்பத்தொரு தட்டு வந்தது. வாசிக்க அரைமணி நேரம் ஆனது. நடுவில் அவன் அழுததும் மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் வழியே ஊர் முழுக்கக் கேட்டது. இன்றுவரை அவன் பெயர் 'குழாய்'தான்.

என் மாமா மதுரையில் பாட்டுக் கச்சேரிகளில் கிதார் வாசிப்பவர். கச்சேரி இல்லாத மாதங்களில் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார். குட்டியானை வண்டியில் ஐந்து தட்டுகளோடு வந்து இறங்கினார். கூடவே போர்வை போர்த்திய ஒரு பெரிய பெட்டி. இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். அப்பாவின் அக்காவான அத்தை அதற்கும் ஆரத்தி சுற்றிச் சந்தனம் வைத்தாள்.

"பிரிட்ஜா தம்பி?"

"இல்ல மதினி, ஆம்ப்ளிபயரு. கிதார் சத்தத்தக் கூட்டும்."

"ஏன், நாங்க கத்துறது பத்தலையாக்கும்?"

அது கச்சேரிக் குழு கனம் தாங்காமல் கழித்துவிட்ட, கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய பெட்டி. ஸ்பீக்கரும் அதற்குள்ளேயே. சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது. பின்பக்கம் வால்வுகள் அடுப்புக் கங்குபோல மெல்லச் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். மாமா என்னை மடியில் உட்காரவைத்து, என் மடியில் கிதாரை வைத்தார்.

"நான் தலையாட்டுனா அடி, மருமகளே. நீ எம்புட்டு அழுதாலும் ஒரு பய காதுல விழாது."

ஆசாரி இன்னும் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா சீர்ச் சீட்டைப் பிரித்து, மைக் முன்னால் தொண்டையைச் செருமினார். மாமா தலையாட்டினார். அடித்தேன்.

பந்தல் கீற்றிலிருந்து தூசி கொட்டியது. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. பந்தியில் ஒருவர் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டு, திருப்பூர், சூரத் என்று எத்தனையோ மில்களில் நின்றிருக்கிறேன். அப்படி ஒரு சத்தத்தை எங்கும் கேட்டதில்லை. பெரியப்பாவின் வாய் திறந்து திறந்து மூடியது மட்டும் தெரிந்தது. காலையிலிருந்து அந்த ஐந்து தட்டுகளையே எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

இரண்டு காதும் குத்தி முடிந்த பிறகும் மாமா தலையாட்டிக்கொண்டே இருந்தார். பெரியப்பா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் நிறுத்தினார்.

"நான் அழவே இல்ல மாமா" என்றேன்.

மாமா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நானுந்தான், மருமகளே."

இவ்வளவு பெரிய ஆள் எதற்கு அழப்போகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.