பதில் வராத தட்டல்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். சனா பொய் சொல்கிற பெண் இல்லை. மங்கலம்பேட்டைக்காரி, சென்னையில் ஆராய்ச்சி செய்கிறவள், பேய் என்றால் வாய்விட்டுச் சிரிப்பவள். அந்தச் சிரிப்பு விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக் கொட்டகையில், பட்டப்பகலில் நின்றுபோனது.

அவள் வேலை இதுதான். எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக ஒரு மூடிய பெட்டிக்குள் அனுப்புவாள். ஒன்றுமே இல்லாத இருட்டிலும் மின்காந்தப் புலம் நடுங்கிக்கொண்டே இருக்குமாம். கண் இமைப்பதற்குள் கோடி முறை மாறுமாம். உள்ளே போகும் எலக்ட்ரான் அந்த நடுக்கத்தை வாங்கிக்கொண்டு வரும். அதைச் சத்தமாக மாற்றினால் தூரத்து மழை மாதிரி இரைச்சல் கேட்க வேண்டும்.

நடுவில் கேட்டது... டொக்.

ஒரே ஒரு தட்டல். எல்லாம் கழற்றிப் பார்த்தாயிற்று. மிச்சம், கருவியைத் தாங்கும் பீங்கான் தகடு. மற்றத் தகடுகள் கருவியின் கடுங்குளிரில் வெடித்துவிட்டன. தாங்கியது இது ஒன்றுதான். திங்கட்கிழமைக்குள் அந்தத் தட்டல் போகாவிட்டால் கருவி வேறு குழுவுக்கு. அவளுடைய மூன்று வருஷ உழைப்பு மண்ணாகிவிடும்.

அந்தத் தகட்டைச் செய்த செல்வநாயகியைத் தேடி வெள்ளிக்கிழமை சூளைக்கு வந்தாள். லேப்டாப்பில் சென்னைக் கருவியின் இரைச்சல் இணையம் வழியாக நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது.

"தகட்டுல ஏதாவது கோளாறா அக்கா?"

"நா தட்டிப் பாக்காம எதையும் அனுப்ப மாட்டேம்மா. ரெண்டு தட்டு என்னோடது. எதிர்ல எங்கூட்டுக்காரரு காது குடுத்துக் கேட்டு, ஒரு தட்டு தட்டுவாரு. தட்டுனா நல்ல சாமான். தட்டலன்னா உள்ள வெடிப்பு."

"இப்ப எதிர்ல யாரு?"

"யாருமில்ல. அவரு போயி வருஷமாவுது. பழக்கம், நாம்பாட்டுக்கு ரெண்டு தட்டிக்கினு இருக்கறேன்."

பேசிக்கொண்டே புதுத் தகட்டில் விரல் முட்டியால் தட்டினாள். டக், டக்.

லேப்டாப்பில்... டொக்.

சனா லேப்டாப்பின் சத்தத்தைக் கூட்டினாள்.

"இன்னொண்ணு தட்டுங்கக்கா."

டக், டக்.

...டொக்.

மூன்றாவது தகடு. டக், டக்.

இரைச்சல் மட்டும்.

செல்வநாயகி அதை வெயிலில் திருப்பினாள். ஓரத்தில் மயிரிழை வெடிப்பு.

யா அல்லாஹ்!

"அவருதாம்மா!" செல்வநாயகி அழுதாள், சிரித்தாள். சனா தடுப்பதற்குள் தன் நெஞ்சிலேயே தட்டிக்கொண்டாள்.

டக், டக்.

இரைச்சல்...

மறுபடி தட்டினாள்.

இரைச்சல்...

சனா லேப்டாப்பைப் படக்கென்று மூடினாள். "ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்கக்கா."

"சூளை எறக்கணும் பாப்பா. நாளைக்கிப் பாத்துக்கலாம், போயிட்டு வா."

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. சனா நல்ல தகடுகள் இரண்டோடு பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை சூளைக்காரர் பழமலை போன் செய்தார். "செல்வநாயகி நேத்து உக்காந்தவாக்குலயே போயிட்டாங்கம்மா. நெஞ்சுல ரத்தக்கொழா வெடிச்சிருக்குதாம்."

திங்கட்கிழமை. கருவியில் புதுத் தகடு. பேராசிரியர் மதிவாணன் வந்து நின்றார்.

மழை இரைச்சல். சுத்தமாக.

"சபாஷ்" என்றார் அவர். சனா மூச்சு விட்டாள்.

அப்போது...

டக், டக்.

...டொக்.

இப்போது தட்டுகிறவளும் உள்ளேதான் இருந்தாள்.

டக், டக்.

...டொக்.

டக், டக்.

...

...

பதில் வரவில்லை. பிறகு தட்டவும் இல்லை.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அன்று டக், டக் கேட்டது மூன்று தடவை. அந்த அறையில் இருந்ததும் மூன்று பேர். சனா, மதிவாணன், நான்.