சுதி இறங்காத கிட்டார்

மலேசியாவில், கோல சிலாங்கூர் மண்டபத்தில் என் மாமன் மகனுக்குக் கல்யாணம். இசைக்குழுவின் கிட்டார்காரர் பூப்போட்ட சட்டையில் ஒல்லியாக நின்றார். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் தலையைக் குனிந்து, தந்தி முறுக்கும் கீகளைத் திருகத் தொடங்கிவிடுவார்.

நானும் கிட்டார் வாசிக்கிறவன். கை கழுவுமிடத்தில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, லாக் வச்ச கீ போடுங்க. சுதி இறங்காது."

"போட்டாச்சு தம்பி. பழைய கீயையும் புதுசையும் மாத்தி மாத்திப் போட்டு வாசிச்சுப் பாத்தேன். இதுல சுதி அசையவே மாட்டேங்குது லா."

"அப்புறம் ஏன் திருகுறீங்க?"

"உங்க ஆளுங்க அடுத்த பாட்டு, அடுத்த பாட்டுன்னு விரட்டுறாங்க. டியூன் பண்ணா மட்டும் ஒண்ணும் சொல்றதில்ல. பாட்டுக்காரம்மா தண்ணி குடிக்கணும்ல?"

அடுத்த பாட்டு முடிந்தது. பாடகி நிதானமாகத் தண்ணீர் குடித்து, பாட்டிலை மூடும் வரை கிட்டார்காரரின் விரல்கள் கீகளைச் சும்மா தடவிக்கொண்டிருந்தன.