நீரில் உள்ள தெரு

அந்த நீலப் பலகை தண்ணீரைப் பார்த்து நின்றது. வெள்ளை எழுத்துகளில் ‘ஏரிக்கரை மூன்றாவது குறுக்குத் தெரு’ என்று இருந்தது. மேலே மாநகராட்சி என்ற புதுப் பெயர், கீழே வார்டு எண். அம்புக்குறி ஏரியின் நடுவைக் காட்டியது. பலகைக்குப் பின்னால் கரையும் நடைபாதையும் இருந்தன. முன்னால் தெரு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று, அதன் மேல் ஒரு கொக்கு, அதற்கப்பால் வெறும் தண்ணீர். இரண்டு எட்டு தள்ளி ஒரு புது விளக்குக் கம்பமும் நட்டிருந்தார்கள். மாலையில் அது தானாக எரியும். வெளிச்சம் விழ வேறு இடம் இல்லாததால், ஏரியில் ஒரு வட்டம் மட்டும் மஞ்சளாகத் தெரியும்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குத் தாம்பரம் வட்டாரச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். கரையோர டீக்கடைக்காரர்தான் பலகையைக் காட்டினார். “இன்னா சார், இந்தத் தெருவுக்கு போஸ்ட்மேன் போட்லதான் வருவாரா?” என்று கேட்டார். சிரித்தேன். ஒரு படம் எடுத்து, கீழே ஆறு வரி எழுதி அனுப்பினேன். மறுநாள் பெட்டிச் செய்தியாக வந்தது. காலை பத்தரைக்குத் தொலைபேசியில் ஒரு பெண் குரல்.

“சார், அந்தத் தெரு இருக்கு. பார்த்துட்டு எழுதியிருக்கலாம்.”

“பார்த்துட்டுத்தான் மேடம் எழுதினேன். அங்க தண்ணிதான் இருக்கு.”

“தண்ணியப் பார்த்திருக்கீங்க. பதிவேட்டப் பார்க்கல.”

அவர்தான் எங்கள் பழைய பேரூராட்சியின் தலைமை எழுத்தர். ஏரிக்கரைப் பெண்கள் ‘கிளார்க்கம்மா’ என்பார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். சிட்லபாக்கத்துக்குப் பக்கத்தில், தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகக்கூடிய சிறிய பேரூராட்சி அது. சுற்றியிருந்த ஊர்களோடு சேர்த்து அதையும் மாநகராட்சிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நான் போன அன்று அலுவலகச் சுவரில் பழைய பெயர்ப் பலகை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் நீள்சதுரமாகத் தெரிந்தது. கிளார்க்கம்மா அதே நாற்காலியில் இருந்தார். ஒல்லியான உருவம், பருத்திப் புடவை, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி. எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் ஓசையில்லாமல் வாயால் சொல்லிப் பார்ப்பார். எதைக் கேட்டாலும் ‘இல்லை’ என்று உடனே சொல்ல மாட்டார். “பார்த்துச் சொல்றேன்” என்று எழுந்து பீரோவைத் திறப்பார். இத்தனை வருடங்களில் நான் பார்த்த அலுவலர்களில் அந்தப் பழக்கம் அவர் ஒருவரிடம்தான் இருந்தது.

ஓர் ஊர் இன்னோர் ஊரோடு சேர்வதை வெளியே இருப்பவர்கள் அரசாணையாகவும் பெயர் மாற்றமாகவும் பார்க்கிறோம். உள்ளே அது எப்படி நடந்தது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரப்பர் முத்திரைகளை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போனார்களாம். அதன்பின் ஒரு வாரம் முழுக்கப் பட்டியல் எழுதியிருக்கிறார்கள். தெருக்கள், விளக்குகள், கிணறுகள், கைப்பம்புகள், சுடுகாடு, கபர்ஸ்தான், கல்லறைத் தோட்டம் என்று ஊரிலுள்ள எல்லாவற்றையும். பட்டியலில் இருப்பது மாநகராட்சிக்குப் போகும். “பட்டியல்ல விட்டுப்போனது?” என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார். “அது எங்கயும் போகாது சார். அங்கயே நின்னுடும். அதுக்கு ஊரே இருக்காது.”

மூன்றாவது குறுக்குத் தெருவில் பதினெட்டு வீடுகள் இருந்தன. ஏரியின் உட்கரையில் கட்டியவை. ஏரியைச் சீர்செய்வதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் இடித்தார்கள். பிறகு கரையை வெளியே தள்ளிப் போட்டார்கள், தூர்வாரினார்கள், மழை பெய்தது, தெரு இருந்த இடம் ஏரியாகிவிட்டது. பதினெட்டுக் குடும்பங்களும் வாடகைக்கு எங்கெங்கோ சிதறின. மாற்று வீடு கேட்டு அவர்கள் கொடுத்த மனுவுக்கு ஒரு வரியில் பதில் வந்திருந்தது. அந்தத் தெரு உள்ளாட்சிப் பதிவேட்டில் நடப்பில் உள்ளது என்று சான்று கொண்டுவந்தால் பரிசீலிக்கப்படும். சான்று தரவேண்டிய பேரூராட்சி கலைந்துகொண்டிருந்தது. புதுப் பட்டியலில் அந்தத் தெரு ஏறாவிட்டால், அவர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்று சொல்ல இனி எந்த அலுவலகமும் இருக்காது.

மனுவைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஏழாம் நம்பர் அக்கா. அந்தத் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் வீட்டு எண்ணால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் பொத்தேரியில் கல்லூரி மாணவிகள் தங்கும் விடுதி ஒன்றில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தார். நான் கிளார்க்கம்மாவின் எதிரே உட்கார்ந்திருந்தபோதே என் செய்தி வந்த பக்கத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“இத எழுதனவரு யாரு மேடம்? கையில மாட்டட்டும்.”

கிளார்க்கம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன்.

“நீயா சார்? நல்லா சிரிச்சிகினே எழுதிகீற. உன் வூட்ட இட்ச்சிட்டு தண்ணிய வுட்டா தெரியும். ஒரு பேப்பர் இருந்திச்சி எங்களுக்கு. அதையும் பேஜார் பண்ணிட்டியே.”

அவர் கோபம் நியாயமானது. செய்தியைப் பார்த்த மேலிடம், இல்லாத தெரு பட்டியலில் எப்படி வந்தது என்று கேட்டு, கள ஆய்வுக்கு உத்தரவிட்டிருந்தது. நேரில் வந்து பார்த்துத் தெரு இல்லை என்று எழுதினால், பெயர் நீக்கப்படும். அதோடு பதினெட்டு மாற்று வீடுகளும் போய்விடும். ஆறு வரிகளில் நான் செய்திருந்தது அதுதான்.

“நான் பொய் எழுதல சார்,” என்றார் கிளார்க்கம்மா. “தெருவுக்குப் பேர் வைக்கறது மன்றத் தீர்மானம். தெருவ எடுக்கறதும் தீர்மானம்தான். இடிச்சது ஜேசிபி. எடுத்துட்டோம்னு யாரும் தீர்மானம் போடல. ஜேசிபி ஓட்டறவர் சொன்னா நான் பதிவேட்டுல அடிக்க முடியுமா?” பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். குறிப்பு என்ற கடைசிப் பத்தியில் சிறிய எழுத்தில் அவரே எழுதியிருந்தார்: ‘நீரில் உள்ளது’. மறைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தார். கணினியில் ஏற்றியவர் மற்ற தெருக்களின் வரிசையைப் பார்த்துக்கொண்டே அதை ‘நீர் உள்ளது’ என்று தட்டிவிட்டார். குடிநீர் வசதி உள்ள, பதினெட்டு வீடுகள் கொண்ட, விளக்கில்லாத தெரு. மாநகராட்சி முறைப்படி விளக்கும் பலகையும் வைத்தது. பிழை திருத்தும் மேசையில் பத்து வருடம் இருந்தவன் நான். ஒரு வேற்றுமை உருபு விழுந்ததால் தெரு ஒன்று எழுந்துவந்ததை அந்தப் பதிவேட்டில்தான் பார்த்தேன்.

எழுந்துவந்தது நிற்கவும் செய்தது. குப்பை வண்டி தினமும் காலையில் அங்கே நின்று மூன்று முறை விசில் ஊதியது, ஏனென்றால் அதன் தடத்தில் அந்தத் தெரு இருந்தது. கொசு மருந்துப் புகை அடிப்பவர் கரையில் நின்று தண்ணீரின் மேல் அடித்துவிட்டுப் போனார். பார்சல் கொண்டுவந்த ஒருவர் கைப்பேசியையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்பதை நானே கண்டேன். “நாலாம் நம்பர் எங்க சார்?” என்றார். “உள்ளே” என்று சொல்லிவிட்டேன்.

ஆய்வு நாளன்று வெயில் இல்லை. மேகம் தாழ்ந்து, ஏரி ஈய நிறத்தில் அசையாமல் கிடந்தது. கோடை என்பதால் கரையோரம் முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆய்வு அலுவலர் டேப்லெட்டோடு வந்தபோது அந்தத் தெருக்காரர்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். கிளார்க்கம்மா பதிவேட்டிலிருந்த அளவுகளை வைத்துக் காலையிலேயே மூங்கில் குச்சிகளை ஊன்றியிருந்தார். ஒவ்வொருவரும் தம் வாசல் இருந்த இடத்தில், புடவையையும் கைலியையும் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார்கள். ஒன்பது பேர் இந்தப் பக்கம், எட்டுப் பேர் அந்தப் பக்கம். நடுவில் தெருவின் அகலத்துக்குத் தண்ணீர். மூன்றாம் நம்பர் டெய்லர் பாய் மட்டும், பழக்கத்தில், எதிர் வாசலைப் பார்த்துத் தலையசைத்தார்.

அலுவலர் நல்ல மனிதர். கலங்கிப்போயிருந்தார். “மேடம், ஆப்ல ரெண்டே ஆப்ஷன்தான் இருக்கு. கதவு திறந்திருக்கு, இல்லன்னா பூட்டியிருக்கு. கதவே இல்லாத இடத்துல நான் எதப் போடறது?”

“ஆள் நின்னு பதில் சொன்னா திறந்திருக்குன்னு போடுங்க. பதில் வரலன்னா பூட்டியிருக்குன்னு போடுங்க,” என்றார் கிளார்க்கம்மா. “வீட்டு வாசல்ல நீங்க செய்யறதும் அதுதான?”

அலுவலர் கரையில் நின்று எண்களைப் படிக்கத் தொடங்கினார். ஒண்ணு. “கீறேன் சார்.” ரெண்டு. “இருக்கோம் சார்.” மூணு. “ஹாஜிர் சார்” என்றார் பாய். ஏழாம் நம்பர் அக்காவின் குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. பத்து வரை அப்படியே போனது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் குச்சி மட்டும் நின்றது. அந்தப் பதினொன்றாம் வீட்டில் குடியிருந்தவர் தனி ஆள். வண்டலூர் பக்கம் ஒரு கம்பெனியில் காவலாளி. இடித்த பிறகு குன்றத்தூரில் உறவினர் வீட்டுக்குப் போய், சில மாதங்களில் இறந்துவிட்டார். பின்னால் யாரும் இல்லை.

“பதினொண்ணு,” என்றார் அலுவலர். சற்று நின்று இன்னொரு முறை, “பதினொண்ணு.”

“தொறந்துதான் கீது சார்.”

நிதானமான ஆண் குரல். கூவவில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் சொன்னது. அலுவலர் தலை நிமிராமல் விரலால் தொட்டுவிட்டு, பன்னிரண்டு என்றார். பன்னிரண்டு பதில் சொன்னது. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். யார் சொன்னது, என்ன சொன்னார் என்று இரண்டையும் சேர்த்தே எழுதிப் பழகியவன். சொன்னது பதிவாகியிருந்தது. சொன்னவர் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். குச்சியைச் சுற்றித் தண்ணீர் லேசாக வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அருகே கொக்கு ஏதும் இல்லை.

முடிந்ததும் ஒவ்வொருவராகக் கேட்டேன். பத்தாம் நம்பரில் நின்றவர் தான் சொல்லவில்லை என்றார். பன்னிரண்டாம் நம்பரில் நின்றது ஒரு பெண். டெய்லர் பாய், “நானா இருந்தா உருதுல சொல்லியிருப்பேனே!” என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கிளார்க்கம்மாவிடமும் கேட்டேன்.

“உங்க பேப்பர்ல என்ன போடுவீங்க?”

“‘ஒருவர் கூறினார்’னு போட்டா ஆசிரியர் விட மாட்டார். யார் அந்த ஒருவர்னு கேப்பார்.”

“எங்க ஆபீஸ்ல கேக்க மாட்டாங்க,” என்றார். “யார் சொன்னான்னு தெரியலன்னா ‘தெருவாசிகள் மூலம் அறியப்பட்டது’ன்னு எழுதுவோம். எப்பவும் அப்படித்தான்.” அப்படியே எழுதினார். சொற்களை வாயால் சொல்லிப் பார்த்துக்கொண்டே எழுதினார். அன்று நான் செய்தி எதுவும் அனுப்பவில்லை.

சான்று கிடைத்தது. பதினெட்டுக் கதவுகளும் திறந்திருந்ததாக அதில் இருந்தது. நாளாக நாளாக மற்றவையும் நடந்தன. பலகையை எடுத்துவிட்டார்கள். தெருவை நீக்க முறைப்படி ஒரு தீர்மானமும் போட்டார்கள். பொத்தேரியையும் தாண்டி, தாழ்வான நிலத்தில் எழுந்த குடியிருப்பில் அவர்களுக்குத் தரைத்தளத்தில் வீடு ஒதுக்கினார்கள். சாவி வாங்க ஆள் வராத வீட்டை, உரியவர் வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி ஏழாம் நம்பர் அக்காவிடம் கொடுத்தார்கள்.

சென்ற மாதம் கிளார்க்கம்மாவை அங்கே அழைத்துப் போனேன். ஓய்வு பெற்று, கொஞ்சம் கூன் விழுந்திருந்தார். குடியிருப்பின் சொந்த எண்களை யாரும் மதிக்கவில்லை. கதவுகளில் பழைய எண்களைப் பெயின்ட்டால் எழுதியிருந்தார்கள், பழைய வரிசையில். நடைக்கூடத்தில் சமையல் வாசனை, தொலைக்காட்சிச் சத்தம், குழந்தைகளின் செருப்புகள். பதினொன்றின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பொருளும் இல்லை. தரை முழுக்க ஈரம். சன்னல் வெளிச்சம் அதில் கிடந்தது.

“கழுவிவிட்டியா?” என்று கிளார்க்கம்மா கேட்டார்.

“இல்ல மேடம்,” என்றார் ஏழாம் நம்பர் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. “தெனம் தொடைக்கிறேன். காயவே மாட்டேன்னுது. பக்கத்து வூட்ல எல்லாம் காஞ்சிதான் கீது.”

தாழ்வான இடம், அடியிலிருந்து ஊறும் நீர், ஒரு மூலையில் மட்டும் சரியாகப் பூசாத தளம். விளக்கம் எனக்கு உடனே கிடைத்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கிளார்க்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, செருப்பைக் கழற்றி, ஆள் இருக்கும் வீட்டுக்குள் போவதைப்போல ஓரமாக வைத்தார். பிறகு கதவை ஒரு முறை தட்டிவிட்டு, உள்ளே போனார்.