பெரட்டுக் களத்தில் அப்பா நடந்தது

அப்பாவின் முழங்கால் சில்லு உடைந்தது ஒரு மழைக் காலையில். மேட்டு நிரையில், ரப்பர் மர வரிசையிலிருந்து, பால் வாளியோடு இறங்கும்போது வழுக்கி, கல்லில் முட்டி மோத விழுந்தார். சிகாமட் டவுன் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது கால் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. எலும்பு கூடிவிட்டது, இனி மடக்கிப் பழக்க வேண்டும் என்றார் டாக்டர். எலும்பு கூடினால் வைத்தியம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மடக்கிப் பழக்குவதற்கென்று ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஓர் அறை இருந்தது. எங்கள் தோட்டத்தில் யாருக்கும் அது தெரியாது. அங்கே போக, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் சீட்டு வாங்க வேண்டும். வாரம் ஒருமுறை சாமான் எடுக்கப் போகும் லாரியில் இடம் கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு யாரும் தாமாகத் தருவதில்லை. நான் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் போனால் டிரெசர் நாற்காலி எடுத்துப் போடுவார். அதில் எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்தான்.

அந்த அறையில் இருந்த மிஸி மலாக்காக்காரி. நர்ஸை நாங்கள் மிஸி என்றுதான் சொல்வோம். மலாயில் பேசுவாள். நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்வேன். அப்பாவை உயரமான மேசையில் உட்காரவைத்து, வேட்டியைத் தொடைவரை ஒதுக்கி, சுடுதுணி சுற்றி, இரண்டு கையாலும் காலைப் பிடித்து மடக்கினாள். வேற்றுப் பெண்ணின் கை பட்டதில் அப்பா சுவரைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"என்ன சொல்றாங்க?"

"மூச்ச அடக்காதீங்களாம்ப்பா."

"மூச்சு வந்தாத்தானே அடக்குறதுக்கு."

மேசை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்க வேண்டும். இரவுக்குள் அடங்கிவிடுகிற வலிக்குப் பயப்பட வேண்டாம். மறுநாளும் வீக்கம் இருந்தால் பயிற்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட, தினமும் சமமான தரையில் நேராக நடக்க வேண்டும், குதிகாலை முதலில் ஊன்றி. கால் பழையபடி ஆவதும் ஆகாததும் அந்த நடையில்தான் இருக்கிறது என்றாள்.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. வேலைக்கு ஆகாதவர்களை மலாயாவிலிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கால் மடங்காவிட்டால் அப்பாவும் போக வேண்டியதுதான். அங்கே அவருக்கு வீடும் இல்லை, ஆளும் இல்லை. அம்மாவை இங்கேதான் புதைத்திருந்தோம்.

அப்பா வீட்டுக்குள் காலை ஆட்டினார், மணல் பையைத் தூக்கினார். நடக்க மட்டும் மாட்டேன் என்றார். எங்கள் லயத்து வீடுகள் பக்கம் சமமான தரை என்றால் பெரட்டுக் களம்தான். விடியுமுன் ஆட்களை நிறுத்தி எண்ணி வேலைக்கு அனுப்புகிற இடம்.

"அங்க நடந்தா நாளைக்கே மேட்டு நெரைக்கு அனுப்பிருவான் கங்காணி," என்றார். "நடக்குற காலு மரத்துக்கிட்ட போவாதான்னு கேப்பான். இந்த முட்டியோட மேட்டுல ஏறுனா திரும்ப ஒடிஞ்சிரும், புள்ள."

அது பொய்யில்லை. எங்கள் தோட்டத்தில் நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும். எழுந்து நடந்தால் வேலையாள். நடந்து குணமாகிறவனுக்கு அங்கே பெயரே கிடையாது. அதனால் அப்பா வெளியே வந்தாலே கம்பை ஊன்றி, காலை விறைப்பாக வைத்துக்கொண்டு, இடுப்பைச் சுழற்றி இழுத்து இழுத்துப் போனார். கங்காணியின் தொப்பி தெரிந்தால் இன்னும் அதிகமாக இழுத்தார்.

ஒரு நாள் இடைவேளையில் என் பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் வரிசையாக அப்பாவைப் போல இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போனவன் கையில் கம்புகூட இருந்தது. என்னைப் பார்த்ததும் கலைந்தார்கள். எனக்கு அடிக்கக் கை வரவில்லை. அச்சு அசலாகத்தான் நடந்தார்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் மிஸி காலை மடக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. தினமும் நடக்கிறாரா என்று கேட்டாள்.

"நடக்குறேன்னு சொல்லு," என்றார் அப்பா.

சொன்னேன். கம்பை வாங்கி வைத்துவிட்டு, சுவரிலிருந்து சுவர்வரை நேராக நடக்கச் சொன்னாள். அங்கே கங்காணி இல்லை, தோட்டத்து ஆள் ஒருவரும் இல்லை. அப்பா நேராகத்தான் நடக்கப் பார்த்தார். கால் விறைத்தது, இடுப்பு சுழன்றது. மறுபடி முயன்றார். மறுபடியும் அதே நடை. நடித்த நொண்டல் உடம்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது.

"இப்படியே விட்டால் இதுதான் நிலைத்துவிடும்," என்றாள் மிஸி. "ஏன் இப்படி நடக்கிறார்?"

பெஞ்சில் மூன்று நான்கு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் காதில் விழ, என் அப்பா கங்காணிக்குப் பயந்து நொண்டி மாதிரி நடித்தார் என்று மலாயில் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்த மலாய் இதற்குத்தானா என்று தோன்றியது. ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். மிஸி சிரிக்கவில்லை. டாக்டரிடம் போய், நடப்பதே இவருக்கு மருந்து, கால் மடங்கும்வரை மேட்டு வேலை கூடாது என்று தோட்டத்துத் துரைக்கு எழுதி வாங்கி வந்தாள்.

அந்தக் கடிதத்தைத் துரையிடம் காட்டிவிட்டு வந்த ஆபீஸ் கணக்கர், பெரிய கிராணி, என்னை நிற்கவைத்துப் பேசினார்.

"அப்ப இத்தன நாளு நாடகமா, வாத்தியாரம்மா?"

அவர் கடிதத்தை மடித்து வைத்தார்.

"சரி. நடக்குறதுதான் மருந்துன்னா எல்லாரு கண்ணுக்கும் தெரியிற மாதிரி நடக்கட்டும். பெரட்டு நேரத்துல, களத்துல. கம்பு கூடாது."

வீட்டில் சொன்னபோது அப்பா காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "நீயும் வர்றியா?" என்றார்.

விடியுமுன் லாந்தர் வெளிச்சத்தில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் முன்னால் நாங்கள் நடந்தோம். நான் வெள்ளைச் சேலையும் செருப்புமாக அப்பாவின் பக்கத்தில், "குதிகால், மடக்கு, குதிகால், மடக்கு" என்று சொல்லிக்கொண்டே. குரல் எனக்கே கேட்காத மாதிரி சொன்னேன்.

"சத்தமா சொல்லுங்க வாத்தியாரம்மா, நாங்களும் படிச்சிக்கிறோம்," என்றார் கங்காணி. வரிசை சிரித்தது.

"மாப்புள்ள ஊர்வலம் போவுதுடோய்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பொண்ணு எங்கடா?"

அப்பா நிற்கவில்லை. வியர்வை கழுத்தில் வழிந்தது. களத்தின் கோடியில் திரும்பும்போது, "முட்டி பரவால்ல புள்ள. மூஞ்சிதான் வலிக்குது," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தினமும் நடந்தோம். சில நாட்களில் சிரிப்பு ஓய்ந்தது. பிறகு யாரும் எங்களைப் பார்க்கவேயில்லை. எனக்கு மட்டும் அது முதல் நாள் போலவே இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் முட்டி முக்கால்வாசி மடங்கியது. களைத்துப்போனால் இடுப்பு இன்றும் சுழலும். சமமான நிரையில் அவருக்குப் பால் வெட்ட மரம் கொடுத்தார்கள். அடுத்து கப்பலுக்குப் போனவர்களில் அப்பா இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மாலை, பக்கத்து லயத்து அக்கா ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தோள்பட்டை இறுகி, தலை முடிகூட முடியக் கை எழும்பவில்லையாம்.

"அந்த ரூமுக்கு எப்படிப் போறது, வாத்தியாரம்மா? ஒங்கப்பா நடந்தத நான் பாத்தேனே."

டிரெசரிடம் என்ன சொல்லிச் சீட்டு கேட்க வேண்டும், லாரி எந்தக் கிழமை என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் பார்த்தேன் என்றதிலேயே வெட்கத்தில் என் காது சுட்டுக்கொண்டிருந்தது.