சாப்பாட்டுப் பல், சாக்ஸபோன் பல்

1. ஆடு கத்திய முதல் நாள்

நான் பல் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து காட்டுகிறார்கள். நான் டெண்டல் மெக்கானிக். டாக்டர் வாயில் அளவெடுத்துக் கொடுப்பார். அந்த அளவுக்குப் பல் செட் செய்வது என் வேலை. புதுச்சேரி டவுனில் ஒரே டாக்டரிடம், ஒரே மாடி அறையில், முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்து மெழுகும் அக்ரிலிக்கும் பிசைந்துவிட்டு, இரண்டு வருஷம் முன்புதான் வீட்டுக்கு வந்தேன்.

முதல் நாள் அந்த அறைக்குள் போனபோது ஒரு பக்கம் பல் செட்டைத் தேய்க்கிற லேத் கத்திக்கொண்டிருந்தது. மறு பக்கம் டேப் ரெக்கார்டரில் இன்னொன்று கத்திக்கொண்டிருந்தது.

"இன்னா டாக்டர் இது, ஆடு கத்தற மாதிரி?" என்று கேட்டேன்.

"சாக்ஸபோன்மா. ஜாஸ். லேத் சத்தத்தத் தாண்டிக் கேக்கறது இது ஒண்ணுதான். புடிக்கலன்னா பழகிக்கோ" என்றார்.

ஒரு மாதம் அவரையும் அந்த ஆட்டையும் சேர்த்துத் திட்டினேன். இரண்டாவது மாதம் கேசட் முடிந்ததும் நானே எழுந்து போய்த் திருப்பிப் போட்டேன். டாக்டர் பார்த்தார். சிரிக்கவில்லை. அந்த மரியாதைக்காகவே அவரிடம் கடைசி வரைக்கும் இருந்தேன்.

2. கேட்காவிட்டாலும் சொல்வேன்

கேசட்களின் மேல் பெயரெல்லாம் டாக்டர் பிரெஞ்சில் எழுதி வைத்திருந்தார். டாக்டர் கையெழுத்து, அதிலும் பிரெஞ்சு. கடவுளாலும் படிக்க முடியாது. அதனால் வாசிப்பவர்களுக்கு நானே பெயர் வைத்தேன்.

சிகப்பு அட்டைக்காரர் நிதானமாக மென்று சாப்பிடுகிறவர். ஒரு வரி வாசிப்பார், நிறுத்துவார், நாம் அதை முழுங்கினோமா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். மூச்சுக்காரர் இன்னொருவர். சுரம் வருவதற்கு முன்னால் அவர் மூச்சு வரும். எனக்கு உயிர். மூன்றாவது அவசரக்காரர். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஒரே ஓட்டம். டாக்டருக்கு அவர்தான் தெய்வம். இதில் எங்களுக்குள் எத்தனையோ சண்டை. விழுப்புரம் ரோட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் அவசரக்காரரின் சிஷ்யர்கள் என்பது இன்றைக்கும் என் கட்சி.

ரெக்கார்டிங் விஷயத்திலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நடுவில் யாராவது இருமியிருக்க வேண்டும், ஒரு கிளாஸாவது கீழே வைக்கிற சத்தம் கேட்க வேண்டும். துடைத்து வைத்த மாதிரி இருந்தால் நம்ப மாட்டேன். போன் ஸ்பீக்கரில் சாக்ஸபோன் கேட்பது, சாம்பாரை மோந்து பார்த்துவிட்டு இலையை மூடிக்கொண்டு எழுந்து போகிற கதை. சக்கரை இல்லாத காபியும் அதே வகை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

3. ஆறு பல்

நேரில் நான் கேட்ட ஒரே நல்ல சாக்ஸபோன் அந்துவான் முசியேயுடையது. எங்கள் ஊர் பிரெஞ்சு வழக்கில் ஐயா என்றால் முசியே, அம்மா என்றால் மதாம். மாதா கோயில் பாண்டு செட்டில் டெனர் சாக்ஸபோன் வாசிப்பார். மாதா தேர் பவனியில் மற்றவர்கள் எல்லாரும் பாட்டை நேராக வாசித்துக்கொண்டு போவார்கள். இவர் மட்டும் வரி முடியும் இடத்தில் ஒரு வளைவு வளைத்துவிட்டு, ஒன்றுமே தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அந்த ஒரு வளைவுக்காக நான் வருஷா வருஷம் தேருக்குப் பின்னால் நடப்பேன். "எங்க மாரியம்மன் கோச்சிக்கப் போறா பாரு" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருஷம் அந்துவான் முசியே எங்கள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஈறு நோய். மேல் வரிசை முன்பல் ஆறும் ஆடிக்கொண்டிருந்தன. டாக்டர் எடுத்துவிட்டு, அளவையும் ஒர்க் சிலிப்பையும் என்னிடம் கொடுத்தார். சிலிப்பில் என்ன இருக்கும்? பெயர், வயது, பல்லின் நிறம்.

இத்தனை வருஷம் காதுக்குக் கொடுத்த மனுஷனுக்குக் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. அவருடைய பழைய இடது முன்பல் கொஞ்சம் நீளம், கொஞ்சம் திருகல். அதையெல்லாம் சரிசெய்து, சீவி வைத்த மாதிரி ஆறு பல் வைத்தேன். என் கையால் செய்ததிலேயே அழகான செட் அது. மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி செலின் மதாம், "பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்காரு" என்று சொன்னாராம்.

பத்து நாள் கழித்து முசியே சாக்ஸபோன் பெட்டியோடு வந்தார். என் மேஜைக்கு முன்னால் நின்று ஊதினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. நடுவில் ஒரு கீச். செட் ஆடுகிறது என்று நினைத்து, கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொள்கிற கிளாஸ்ப் கம்பியை இறுக்கினேன். மூன்று தடவை வந்தார். செட் அசையாமல் நின்றது, கீச்சும் போய்விட்டது. சுரம் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் வேறு யாரோ வாசிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இது அந்துவான் முசியே என்று நானே சொல்ல மாட்டேன்.

நாலாவது தடவை, ஒரு புதன்கிழமை, பெட்டி இல்லாமல் வந்தார்.

"உட்டுடு வசந்தாம்மா. பல்லு நல்லாத்தான் கீது. ஆளுதான் போயிட்டான்."

"இன்னா முசியே பேச்சு இது?"

"பீச் பக்கம் ஒரு காபி கடைக்காரரு, சாக்ஸபோன சுவத்துல மாட்டணும்னு கேட்டுனு இருந்தாரு. குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். சனிக்கிழமை வந்து எடுத்துனு போறாரு. சும்மா கெடக்கறதுக்கு நாலு பேரு பாக்கட்டுமே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஊதற சாமான ஆணி அடிச்சி மாட்டுவாங்களா? நல்லா இருக்கு உங்க நியாயம்!" என்று கத்திவிட்டேன். கீழே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருந்த பேஷண்ட் பயந்துபோனாராம். கோபம் அவர்மேல் இல்லை. கெடுத்தது என் கை என்று எனக்கு உள்ளே தெரிந்திருந்தது. எங்கே கெடுத்தேன் என்றுதான் தெரியவில்லை.

4. ஊசி டப்பாவில் இருந்தது

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பழைய போட்டோவில் அந்த இடது பல் சரியாக எவ்வளவு நீளம், எவ்வளவு திருகல் என்று பார்க்கலாம் என்பது என் எண்ணம். செலின் மதாம் மூன்று ஆல்பம் எடுத்துப் போட்டார். கல்யாண நாளிலிருந்து எல்லாப் படத்திலும் மனுஷன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார், இல்லாவிட்டால் வாயில் சாக்ஸபோன் இருக்கிறது.

சாக்ஸபோனைப் பார்த்தேன். வாயில் வைத்து ஊதுகிற மவுத்பீஸ் பளபளவென்று இருந்தது.

"இது புதுசாச்சே?"

"பிரான்ஸ்லேர்ந்து புள்ள அனுப்பினான். பல்லு தப்பா இருக்காது, மவுத்பீஸ்தான் தப்புன்னு சொல்லிட்டான்" என்றார் முசியே.

"பழசு எங்க?"

செலின் மதாம் தன் ஊசி டப்பாவிலிருந்து எடுத்து வந்தார். கருப்பு எபோனைட் ரப்பர். மேல் பக்கம் விரலால் தடவினேன். இரண்டு பள்ளம். வலது பக்கம் மேலோட்டமாக, இடது பக்கம் ஆழமாக, சாய்ந்து.

சாக்ஸபோன் ஊதும்போது கீழே உதடு தாங்கும், மேலே முன்பல் மவுத்பீஸின் மேல் உட்காரும். நாற்பது வருஷம் அவர் பல் உட்கார்ந்த இடம் அது. நான் நேராக்கி வைத்த பல் அந்தப் பள்ளத்தில் இறங்காது. மவுத்பீஸ் வேறு கோணத்தில் போகும், உதடு தன் இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். ஒரு மாதமாக நான் தேடின பல், பட்டனுக்கும் நூலுக்கும் நடுவில் கிடந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

மவுத்பீஸை வாங்கிக்கொண்டு லேபுக்கு ஓடினேன். புதிதாக மெழுகு வைத்து, பல் நுனி அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும்படி அடுக்கினேன். இடது பல் ஒரு மில்லிமீட்டர் கீழே, கொஞ்சம் திருகல். டாக்டர் வந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? நேரா இருந்த பல்ல கோணலாக்கி வெச்சிக்கிற. நான் படிச்ச படிப்புக்கு இத வெளிய அனுப்ப முடியாது."

"டாக்டர், அது சாப்பிடறதுக்கு, போட்டோவுக்கு. இது ஊதறதுக்கு."

"ஒரு வாய்க்கு ரெண்டு செட்டா?"

"உங்க அவசரக்காரருக்குப் பல்லு போயிருந்தா நாலு செட் செய்யச் சொல்லியிருப்பீங்க."

மெழுகை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சீக்கிரம் முடி. சனிக்கிழமைன்னு சொன்ன இல்ல" என்றார்.

5. சனிக்கிழமை

காலையில் செட்டை எடுத்துக்கொண்டு போனேன். செலின் மதாம் பின்கட்டில் வைத்திக்குப்பத்து மீனைக் கழுவி நறுக்கிக்கொண்டிருந்தார். முசியே செட்டை மாட்டினார், பழைய மவுத்பீஸைச் சொருகினார், என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஊதினார்.

கீழ்ச்சுரம் ஒன்று. கனமாக வந்தது. பிறகு தேர்ப் பாட்டு. வரி முடியும் இடத்தில் அந்த வளைவு.

பின்கட்டில் கத்திச் சத்தம் நின்றது. "ஏங்க," செலின் மதாமின் குரல், "வந்துட்டீங்களா?"

ஒரு மாதமாக அவர் ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை. அந்தம்மாவும் இதுவரை ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. முசியே சாக்ஸபோனைக் கீழே இறக்கினார்.

"வந்துட்டேன் செலின்."

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

காபிக் கடைக்காரர் அளவு டேப்போடு வந்தபோது முசியே இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தத் தம்பி வாசலில் நின்று முழுசாகக் கேட்டுவிட்டு, "எப்ப எடுத்துக்கலாம் மதாம்?" என்று தயங்கிக் கேட்டார்.

மீன் கையோடு வந்த செலின் மதாம், "தாராளமா எடுத்துக்கோ தம்பி. அவரையும் சேத்து மாட்டிடு. தனித்தனியா தர்றதில்ல" என்றார். அந்தத் தம்பி சிரித்துவிட்டு டேப்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரமே ஒர்க் சிலிப்பில் நிறத்துக்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்: வாயால் செய்யும் வேலை. டாக்டர் அடுத்த சிலிப் கட்டு அடிக்கும்போது அதை அச்சிலேயே போட்டுவிட்டார். அதற்குப் பிறகு என்னென்ன வந்தது தெரியுமா? மீன் ஏலம் கூவுகிறவர். பல்லால் நூல் கடிக்கிற டைலர். லாஸ்பேட்டைக் காலேஜில் பாடம் எடுக்கிறவர், அவருக்கு 'ஸ' வராமல் போனால் பிழைப்பு போச்சு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வாயைப் பார்க்கும் முன் அந்த வாய்க்கு என்ன வேலை என்று கேளுங்கள். அழகை அப்புறம் பார்க்கலாம்.

இந்த வருஷமும் தேருக்குப் பின்னால் நடந்தேன். வளைவு வந்தது. ஊதுவதற்கு என்று கொடுத்த கோணல் செட்டிலேயே முசியே மீன் குழம்பும் சாப்பிடுகிறாராம், கழற்றுவதே இல்லையாம். நான் செய்ததிலேயே அழகான அந்த செட் அவர் வீட்டு பீரோவில் சும்மா கிடக்கிறது. கிடக்கட்டும்.